சேலத்தில் தன்னார்வத் தொண்டும் தனிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ செட்டிலாகிவிட்டார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, அல்லது கல்யாணமாகிப் புதிதாக சேலத்துக்கு வந்திருக்கிறீர்கள். பேச ஆளில்லை. "எங்கயாவது போய் நாலு பேருக்கு உதவி செஞ்சா மனசுக்குத் தெம்பா இருக்குமே" என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு, சேலம் மாநகரையும் ஏற்காட்டையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

தொண்டு செய்தால் தனிமை உண்மையிலேயே குறையுமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

குறையும். ஆனால் எல்லா வகைத் தொண்டிலும் குறையாது.

ஹாங்காங்கில் 50 வயதைத் தாண்டிய, தனிமையால் வாடிய 375 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் 2 மணி நேரம், 6 மாதத்துக்கு, தனியாக வாழும் முதியவர்களைப் போனில் அழைத்துப் பேசி உதவும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அப்படிப் பேசிய தன்னார்வலர்களுக்கே தனிமை உணர்வு குறைந்தது. அமெரிக்காவில் 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வு, துணையை இழந்த முதியவர்களைப் பற்றியது. வாரம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தொண்டு செய்ய ஆரம்பித்தவர்களின் தனிமை, துணையோடு வாழ்பவர்களின் அளவுக்கு இறங்கியது. அதைவிடக் குறைவாகச் செய்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் சொன்னது. ஆகவே இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த குறை இல்லை.

எந்தத் தொண்டு பலன் தரும் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வாரம் நான் போகவில்லை என்றால் "ஏன் வரல?" என்று யாராவது போன் பண்ணுவார்களா? பண்ணுவார்கள் என்றால் அங்கே சேருங்கள். இருநூறு பேர் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு ஒரு காலை முழுக்கக் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சியில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். எனக்கு எப்படித் தனிமை வரும்?

தாராளமாக வரும். மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள். மனம் விட்டுப் பேசத் துணையில்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது? ஒதுக்கிவிட்டார்கள் என்று? மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பதாக? ஒவ்வொன்றுக்கும் 'அரிதாக' என்றால் 1, 'சில சமயம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3. கூட்டி 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. தொண்டு தொடங்கும் நாளில் இந்த எண்ணைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

எந்த வேலையை எடுப்பது?

உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுதப் படிக்கத் தெரிந்து, நிற்கத் தெம்பிருந்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வழிகாட்டும் வேலை நல்லது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் மலையிலிருந்தும் வருபவர்களுக்கு ஓபி சீட்டு எங்கே போடுவது, ஸ்கேன் எந்தக் கட்டடம், மருந்து எந்த ஜன்னல் என்பதே பெரிய குழப்பம். ஆனால் நேராகப் போய் நிற்க முடியாது. குழுவாக மனு எழுதி, ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். காலை 8 முதல் 10 வரைதான் கூட்டம் நெரியும். உங்கள் 2 மணி நேரம் அங்கே வீணாகாது. நோயாளியின் சீட்டைப் படித்து "உங்களுக்கு இதுதான் வியாதி" என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அன்றோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதும் சரிதான்.

படிப்பில் ஆர்வம் உள்ளவர்கள் மாவட்ட மைய நூலகத்திலோ பக்கத்துக் கிளை நூலகத்திலோ வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். புத்தகம் அடுக்குவது, சிறுவர்களுக்குக் கதை வாசிப்பது என்று சின்னச் சின்ன வேலைகள் கிடைக்கும். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது உயர்ந்த உதவி. ஆனால் தேர்வுக் காலத்தோடு முடிந்துவிடும், எழுதும்போது பேசவும் முடியாது. தனிமைக்கு அது மருந்தாகாது.

செல்போன் கையாளத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ்ச் சான்றை 'ஜீவன் பிரமாண்' மூலம் வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிப் பதியலாம். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் மாதம் இந்த வேலை குவியும். போன் பெரியவர் கையிலேயே இருக்கட்டும், ஓடிபி எண்ணை அவரே தட்டட்டும். முகம் பதிவாகாமல் தகராறு செய்தால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் ஜன்னல் வெளிச்சம்தான் காரணம். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

நான் அதிகம் பேச மாட்டேன். கூச்சம். என்ன செய்வது?

எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டிய வேலையை விட்டுவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று கையால் செய்யும் வேலையை எடுங்கள். கை ஓடிக்கொண்டிருந்தால் வாய் தானாகத் திறக்கும், திறக்காவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சேலத்து வெயிலில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை மோர்ப்பந்தல் இதற்குக் கச்சிதம். 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர், 30 கிராம் உப்பு, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை. 200 மில்லி டம்ளரில் 25 பேருக்கு வரும். 100 பேருக்கு 4 லிட்டர் தயிர். தண்ணீர் 16 லிட்டர், அதாவது ஒரு 20 லிட்டர் கேன் போதும், மிச்சம் டம்ளர் அலசுவதற்கு. எல்லாத் தயிரையும் காலையிலேயே கரைத்தால் பன்னிரண்டு மணிக்குப் புளித்து நுரைக்கும். பாதியை வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து பிறகு கொண்டுவாருங்கள். பாளம் ஐஸை உடைத்து மோரில் போடவே கூடாது, அது குடிப்பதற்காகச் செய்த ஐஸ் இல்லை. அண்டாவை ஐஸ் தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். ஒருவர் கரைக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் டம்ளர் கழுவ, மூன்று பேர் போதும். ஐந்து பேர் வந்தால் இருவர் சும்மா நிற்பார்கள், சும்மா நிற்பவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

தனியாக இருக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்த்துப் பேசும் குழு ஆரம்பிக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

சின்னதாகத் தொடங்குங்கள். ஆறு பேர், மூன்று ஜோடி. ஒரு ஜோடிக்கு இரண்டு பெரியவர்கள். ஒவ்வொருவரையும் வாரம் ஒரு தடவை, 45 நிமிடம். எல்லா வீடும் நடந்து போகும் தூரத்தில், அதிகம் போனால் 15 நிமிடத்தில் இருக்கட்டும். அம்மாப்பேட்டையில் இருப்பவர் அம்மாப்பேட்டையைப் பார்க்கட்டும், சூரமங்கலத்துக்காரர் சூரமங்கலத்தை. ஐந்து ரோட்டைத் தாண்டி வண்டியில் வரவேண்டிய ஏற்பாடு முதல் மழையிலேயே நின்றுபோகும்.

பெரியவர்களை எங்கே கண்டுபிடிப்பது? பால்காரருக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். ரேஷன் கடையில், தான் வர முடியாமல் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்குபவர்கள் யார் யார் என்று தெரியும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளருக்கு எல்லாரைவிடவும் நன்றாகத் தெரியும். அவர்கள் முகவரியை உங்களிடம் தர வேண்டியதில்லை. "இப்படி ஒரு ரெண்டு பேர் வந்து பேசிட்டுப் போவாங்க, வரச் சொல்லட்டுங்களா?" என்று பெரியவரிடம் கேட்டுச் சொன்னால் போதும்.

அடுத்ததை யாரும் செய்வதில்லை, பிறகு அவஸ்தைப்படுகிறார்கள். முதல் சந்திப்புக்கு முன்பே வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போன் பண்ணி, பெரியவரின் சம்மதத்தோடு, நீங்கள் யார், எந்த நாள் வருவீர்கள், என்ன செய்யமாட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், "யாரோ ரெண்டு பேர் வாரா வாரம் வந்து அப்பாகிட்ட பேசுறாங்களாம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லி அவர்களுக்குத் தெரியவரும். சொத்துக்காக வருகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது.

செய்யக்கூடாதவற்றை எழுதி, குழுவில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. வங்கி வேலைக்குத் தனியாக உடன் போகக்கூடாது. மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடாது, "இந்தக் கஷாயம் குடிங்க" என்ற யோசனையும் வேண்டாம். இன்சூரன்ஸ், சீட்டு, மதப் பிரசாரம், ஓட்டு, எதுவும் அந்த வாசலுக்குள் வரக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது.

ஒரு 200 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, யார் போனது, உடம்பு எப்படி, அடுத்த தடவைக்கு ஞாபகம் வைக்க வேண்டியது, இந்த நான்கு மட்டும். "பேத்திக்குப் பரிட்சை, முடிவு கேட்கணும்" என்று ஒரு வரி இருந்தால் அடுத்த வாரப் பேச்சு எளிதாகத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் எண் அட்டையில் இருக்கட்டும். அவசரம் என்றால் 108.

பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் தவறும். கல்யாணம், காய்ச்சல், ஏதோ ஒன்று. போகமுடியாது, சொல்லவும் மறந்துவிடுவோம். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் மூன்றரைக்கே இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, டீத்தூள் டப்பாவை முன்னால் எடுத்து வைத்துவிட்டு நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருப்பார். வரமுடியாத நாளில் காலை 10 மணிக்குள் போன் பண்ணுவது கட்டாயம். ஜோடியில் மற்றவர் தனியாகப் போகலாமா என்றால், முதல் இரண்டு மாதம் வேண்டாம்.

முதல் நாள் என்ன பேசுவது?

"பையன் எப்பங்க வருவாரு?" என்பதை மட்டும் கேட்காதீர்கள். "சாப்ட்டீங்களா" என்று தொடங்கி, எப்படிக் கூப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு ஆயா என்றால் பிடிக்கும், சிலர் அம்மா என்றே கூப்பிடச் சொல்வார்கள்.

பிறகு தொழிலைக் கேளுங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவரிடம் பாவு பிணைப்பது எப்படி என்று கேட்டால் முக்கால் மணி நேரம் போதாது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, உருக்காலை, ஜவ்வரிசி ஆலை, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லித்தரும் நிலையில் இருக்கட்டும். பேச்சு வற்றினால் முருங்கைக்கீரை உருவலாம், பூ கட்டலாம்.

நாங்கள் பார்க்கும் பெரியவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. கத்திப் பேசவேண்டியிருக்கிறது.

கத்தாதீர்கள், கத்தினால் சொல் இன்னும் சிதையும். டிவியையும், முடிந்தால் ஃபேனையும் நிறுத்துங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "அவர் யார்கூடவும் பேசமாட்டார், கோபக்காரர்" என்று பெயரெடுத்த பலருக்கு உண்மையில் காது மந்தம்தான். மெழுகு அடைத்திருந்தாலும் இப்படி ஆகும், ஒரு தடவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டும்படி வீட்டாரிடம் சொல்லலாம்.

ஏரி சுத்தம் செய்யும் குழுவில் சேரலாமா?

சேரலாம், பராமரிப்புக் குழுவாக இருந்தால். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010-ல் பொதுமக்கள் சேர்ந்து புதர் அகற்றி, ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். அந்த மாதிரி வேலை ஒரு நாளில் முடியாது என்பதுதான் நமக்கு வசதி. வாரா வாரம் அதே முகங்களைப் பார்ப்போம்.

பத்துப் பேருக்கு மண்வெட்டி 4, வாரி 2, சாக்கு 20, ரப்பர் கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி. காலை 6.30 முதல் 8.30 வரை. அன்றே குப்பையை எடுத்துப்போக வண்டி வருமா என்று மாநகராட்சித் துப்புரவு மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இல்லையேல் கட்டி வைத்த சாக்குகளை நாய்கள் கிழித்துப் பழையபடி ஆகிவிடும். புதருக்குள் கை விடாதீர்கள், கோலால் தட்டிவிட்டுத்தான். சேறு எவ்வளவு ஆழம் என்று தெரியாத இடத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மரம் நடுவதென்றால் குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. நடுவதற்கு நூறு பேர் வருவார்கள். தண்ணீர் ஊற்ற வருபவர்தான் கிடைக்கமாட்டார். கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு தடவை, இரண்டு கோடை. முறை வைத்துத் தண்ணீர் ஊற்றும் இந்த வேலைக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். தனிமையைக் குறைக்கும் வேலை அதுதான்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் போய்ச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் சேலத்திலிருந்து வாரா வாரம் மேலே போவதாகத் திட்டம் போடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, மூடுபனி. பெருமழை வந்தால் பாதையே அடைபடும்; 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைப் பார்ப்பதும், கீழே இருப்பவர்கள் போனில் பேசுவதும் நிலைக்கும். சிக்னல் சில இடங்களில் மட்டுமே கிடைக்கும் என்பதால் அழைக்கும் நேரத்தை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்க வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க வயதானவர்கள் தனியாக இருப்பது அப்போதுதான். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எந்த ஊருக்குள்ளும் நுழைய வேண்டும். பழைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கேட்காமல் கொடுப்பது அவமானமாகப் படும். ஏற்காடு அரசு மருத்துவமனைக்குத் துணையாக வருவது, மனு எழுதித் தருவது போன்ற கேட்ட உதவியைச் செய்யுங்கள். மாலை 4 மணிக்குள் திரும்பிவிடுங்கள். எஸ்டேட் பாதைகளில் இருட்டில் காட்டெருமை எதிர்ப்படும்.

வீட்டில் "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார்கள்.

பெரும்பாலும் பெண்களிடமிருந்து வரும் கேள்வி. காலை 10.30–12.30 அல்லது மாலை 4–6 என்று ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழுவிலுள்ள இருவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து டீ கொடுங்கள். முகம் தெரிந்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். செலவு ஒரு காரணமாக வந்தால், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்று சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போவது சில வீடுகளில் நன்றாகவே வேலை செய்கிறது.

குழு ஆறு மாதத்தில் உடைந்துவிடுகிறது. ஏன்?

வாட்ஸ்அப், கணக்கு, தலைவர் பதவி.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கமும் கட்சிப் பதிவும் வர ஆரம்பித்தால் "இந்த வாரம் யார் போறது" என்ற செய்தி புதைந்துபோகும். முறை அட்டவணைக்கு மட்டும் ஒரு குழு, இரண்டு அட்மின், வேறெதுவும் போடக்கூடாது. அரட்டை வேண்டுமென்றால் மாதம் ஒரு தடவை நேரில் கூடுங்கள், தட்டுவடை செட் வாங்கி வைத்து. அந்தக் கூட்டத்தைச் செலவு என்று வெட்டிவிடாதீர்கள், குழுவைக் கட்டிவைப்பது அதுதான்.

பணம் கூடிய வரை வசூலிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் ஆளுக்கு மாதம் 100 ரூபாய், இருவர் பொறுப்பு, கணக்குத் தாள் மாதாமாதம் குழுவில். வெளியாரிடம் நன்கொடை வாங்கும் நிலை வந்தால் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆரம்பத்திலேயே பதிவுக்கு ஓடினால், யார் தலைவர் என்ற சண்டையில் வேலை தொடங்கும் முன்பே குழு இரண்டாகும்.

சாதியும் இருக்கிறது. எந்த வீட்டில் தண்ணீர் குடிப்பது, யாரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று மறைமுகமாக வெளிப்படும். ஜோடிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம், வேறு குழுவைத் தேடிக்கொள்ளச் சொல்லிவிடலாம்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனேன். மனசு மாறவேயில்லை.

முதலில் வேலையை மாற்றிப் பாருங்கள்; அதே ஆட்களை அதே நாளில் பார்க்கிற வேலைதானா என்று சரிபாருங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, "இருந்து என்ன பிரயோஜனம்" என்று தோன்றுகிறது என்றால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம். அதற்குத் தொண்டு மருந்தல்ல. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104-லும் ஆலோசனை கிடைக்கும். முதியோருக்கு 14567. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓபியும் இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போகும் பெரியவர் இப்படிப் பேசினாலும் இதே எண்கள்தான். வீட்டாருக்கும் அன்றே சொல்லுங்கள்.

நாங்கள் பார்த்து வந்த பெரியவர் இறந்துவிட்டால்?

நடக்கும். ஜோடியில் இருவரும் துக்கத்துக்குப் போய் வாருங்கள், காரியத்துக்கு அழைத்தால் அதற்கும். அடுத்த வாரமே வேறு பெயரை அந்த இடத்தில் நிரப்பாமல் இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். அந்த நேரத்தில் அந்த இருவரும் வேறு ஜோடியோடு சேர்ந்து போகட்டும், வீட்டில் உட்காரவிடாதீர்கள்.

ஊர் மாறிப் போகவேண்டியிருக்கிறது. நடுவில் விடலாமா?

விடலாம். ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு, புதிதாக வருபவரைக் கடைசி மூன்று தடவையும் கூடவே அழைத்துப் போங்கள். நோட்டை அவர் கையில் கொடுங்கள். போன பிறகும் மாதம் ஒரு தடவை நிச்சயமாகக் கூப்பிடுவதாக இருந்தால் மட்டும் "கூப்பிடுவேன்" என்று சொல்லுங்கள்.